ஜோடி சேராத ஷூ

ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ் காலை ஏழரைக்கு எங்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அதற்குள் ஜோதி தன் மகள் சௌம்யாவுக்கு இட்லி ஊட்டி முடித்தாக வேண்டும். நான்கு மாதமாக அந்த ஊட்டல் இங்கிலீஷில்தான் நடந்தது.

"சௌம்யா, குயிக்! டார்கெட் டூ இட்லி. நோ ரிஜெக்ட்!"

அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும். யாரும் பொத்திக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

ஜோதிக்குக் கம்பெனியில், தைத்து வரும் ஷூக்களில் குறை பார்த்துத் தள்ளும் செக்கிங் வேலை. அவளிடம் இருந்த இங்கிலீஷ் எல்லாம் அங்கே பொறுக்கியதுதான். "வீட்ல தமிழ் பேசுனா புள்ளைக்கு இங்கிலீஷ் வராது" என்று பள்ளித் தலைமையாசிரியை அமிர்தவள்ளி சொன்ன அன்றே வீட்டில் தமிழுக்குத் தடை விழுந்தது. வாய் ஓயாத குழந்தை, வீட்டிலும் வகுப்பிலும் ஊமையாகிவிட்டது. கடைசியில், சௌம்யா எல்.கே.ஜி.யிலேயே இன்னொரு வருஷம் உட்காரட்டும், வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று சீட்டு வந்தது.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் பெர்மிஷன் சொல்லிவிட்டு ஜோதி போனாள். துணைக்கு என்ற பெயரில் பக்கத்து வீடான நாங்களும் போனோம்.

அமிர்தவள்ளி கையில் அந்தக் கையெழுத்துத் தாளோடு எங்களை வகுப்பு ஜன்னலுக்கு அழைத்து வந்தார். "நீங்களே பாருங்க, வாயத் தெறக்க மாட்டா."

உள்ளே, புதிதாக வந்த பில்கிஸ் டீச்சர் எல்லாப் பிள்ளைகளின் ஷூக்களையும் நடுவில் குவித்திருந்தார். "அவங்கவங்க ஷூவ எடுங்க. எந்தப் பேச்சு வருதோ அதுலயே பேசுங்க." அமிர்தவள்ளி முகத்தைச் சுளித்தார்.

உருது மட்டுமே தெரிந்த உமைமா இரண்டு ஷூக்களைத் தூக்கி, "மேரா!" என்று உரிமை கொண்டாடினாள். சௌம்யா அவற்றை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரலால் தையலைத் தடவினாள். ஜோதி கல்யாண வீட்டு வாசலில்கூடச் செருப்புகளை அப்படித்தான் பார்ப்பாள்.

"ஏய், இது ஜோடி இல்லடி! இது நல்ல கறுப்பு, இது வெளுத்துருக்கு. தையல் வேற உட்டுருக்கு பாரு. மிஸ், இவளுத ஒண்ண நவநீதன் மாட்டிக்கினு போய்ட்டான்!" அதே மூச்சில் உமைமாவிடம், இது உன்னுடையது இல்லை என்று உருதுவில், "ஏ தேரா நை!" டீச்சரிடம் திரும்பி, "மிஸ், நோ பேர். ரிஜெக்ட்!"

மூன்று மொழி! உருதை யார் சொல்லிக் கொடுத்தது? நான்கு மாதமாக வாயை மூடிய குழந்தை காதை மூடவே இல்லை. ஜோதி ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். ஊர்ப் பேச்சையெல்லாம் கேட்டுப் பழகிய பக்கத்து வீடு காதை இன்னும் கிட்டே கொண்டுபோனது.

டீச்சர் அதையே முழுதாகச் சொன்னார்: "திஸ் இஸ் நாட் எ பேர்." சௌம்யா திருப்பிச் சொன்னாள். அவள் வாயைப் பார்த்து உமைமாவும் சொன்னாள். ஷூவை மாற்றி மாட்டிக்கொண்ட நவநீதனும் எங்கிருந்தோ சொன்னான்.

அப்போதுதான் ஜன்னலில் அம்மாவைப் பார்த்தாள் சௌம்யா. முகம் சுருங்கியது.

"அம்மா... தமிழ்ல பேசிட்டேன். திட்டுவியா?"

ஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இல்லடி கண்ணு. நல்லாப் பேசு."

அமிர்தவள்ளி தாளை நீட்டவும் இல்லை, மடக்கவும் இல்லை. ஜோதியே அதை வாங்கி இரண்டாகக் கிழித்தாள்.

"மேடம், ஷூவுக்கு உள்ள மெத்துனு லைனிங் வெக்காம வெறும் மேல்தோல வச்சித் தச்சா, போடறவங்க கால் புண்ணாய்டும். எம் பொண்ணுக்கு நான் அதத்தான் செஞ்சிருக்கேன். வீட்டுப் பேச்சப் புடுங்கிட்டா இங்கிலீஷும் வராது மேடம். அது உள்ள இருந்தாதான் எந்தப் பேச்சும் மேல நிக்கும்."