‘படித்தேன்’ என்று ஒரு டிக்

நஜியா எழுதுவதை நான் படிக்க மாட்டேன். அதை ஒரு வீம்பாகவே வைத்திருந்தேன். கடலூரில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு, ஷிப்ட் முடிந்து போகிற நர்ஸ் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அதில் குறிப்பு எழுத வேண்டும். வருகிற நர்ஸ் அதைத் திறந்து பார்த்துவிட்டு, ‘படித்தேன்’ என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். திறக்காமலும் டிக் விழும். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

எனக்குப் பதினேழு வருஷ சர்வீஸ். அண்ணாமலை நகரில் படித்துவிட்டு வந்த நஜியாவுக்கு இரண்டே வருஷம். அவள் குறிப்பை எங்கள் நர்ஸிங் சூப்பரின்டெண்டென்ட் மலிகா மேடம் மீட்டிங்கில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். “பவானி, நீயும் இப்டி எழுதக் கத்துக்க” என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வார்டு இன்சார்ஜ் இடம் காலியாக இருந்தது. மாசக் கடைசியில் எங்கள் இருவரில் ஒருவருக்குக் கிடைக்கும். எனக்கு வர வேண்டியது. அவள் பத்து விரலாலும் டைப் அடிக்கிறாள், நான் ஒரு விரலால் எழுத்தைத் தேடுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று கேண்டீனில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை. நைட் டூட்டி முடித்துச் சிதம்பரம் பஸ்ஸுக்குக் கிளம்பிய நஜியா, பையும் கையுமாகத் திரும்பி வந்தாள்.

“அக்கா, ஏழாம் பெட்டு பட்டம்மா...”

“அதான் எழுதிட்டல்ல. போ, பஸ்ஸு போயிடப் போவுது” என்றேன். அவள் முகம் சுருங்கியது. எனக்கு அது பிடித்திருந்தது. எல்லாக் குறிப்புக்கும் வரிசையாக டிக் போட்டேன்.

பட்டம்மாள் முதுநகர்க்காரி, சர்க்கரை நோயாளி. இட்லித் தட்டு காலியாக இருந்தது. சாப்பிட்டீங்களா என்று கேட்டேன், சாப்பிட்டேன் என்றாள். இன்சுலின் போட்டேன். ஒன்பது மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறிக் கிடந்தாள். சர்க்கரை நாற்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டு, குளுக்கோஸ் ஏற்றி, அவள் என்னை அடையாளம் கண்டு பேசுகிறவரை என் உயிர் என்னிடம் இல்லை. “இட்லி முழுசையும் எனக்கே குடுத்துட்டா” என்று அவள் புருஷன் சுப்பராயலு அழுதுகொண்டே சொன்னார்.

அப்புறம்தான் நஜியாவின் குறிப்பைத் திறந்தேன். முதல் வரியே அதுதான்: ‘சாப்பாட்டைக் கணவருக்குக் கொடுத்துவிட்டு, தான் சாப்பிட்டதாகச் சொல்கிறார். சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே இன்சுலின் போடவும்.’ இதை எழுதாமல் விட்டிருக்கக் கூடாதா இவள் என்றுதான் முதலில் நினைத்தேன். புத்தி அப்படிப் போனது.

மறுநாள் மலிகா மேடம் இருவரையும் கூப்பிட்டார். நான் வாய் திறப்பதற்குள் நஜியா முந்திக்கொண்டாள்.

“என் மேலதான் தப்பு மேடம். நான் நின்னு வாயால சொல்லிட்டுப் போயிருக்கணும்.”

நல்லவளாக இருப்பதிலும் அவளே முதல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அவ சொல்லத்தான் மேடம் வந்தா. நான்தான் கேக்கல. படிக்கவும் இல்ல” என்றேன்.

மேடம் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். எந்தக் குறிப்பை யார் யார் திறந்தார்கள் என்று கம்ப்யூட்டர் பதிந்து வைக்குமாம். எனக்கு அது தெரியாது. நஜியாவின் குறிப்பை டாக்டர் அன்று காலையிலேயே திறந்திருந்தார். என் பெயர், எல்லாம் நடந்து முடிந்த பிறகு கடைசியில் இருந்தது. அதற்குக் கீழே பட்டம்மாளைப் பற்றி நான் எழுதிய ஆறு குறிப்புகள், ஒற்றை விரலால் தட்டியவை. டாக்டர் திறக்கவில்லை. மேடமும் திறக்கவில்லை. ஆறுக்கும் நேரே ஒரே பெயர்தான் இருந்தது. நஜியா.

“இன்சார்ஜா அவளையே போடுங்க மேடம்” என்றேன். சொல்லும்போதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.