துருப்பிடிக்காத சாப்

2011 நவம்பர் 7ஆம் தேதி திங்கட்கிழமை காலை, டால்ஸ்லாண்டின் மெல்லெருட் ஊரில், லிண்டெரோத் தம்பதியின் வீட்டு வாசலில் இருந்த அஞ்சல் பெட்டி துருப்பிடித்து உதிர்ந்து விழுந்தது. அது பிளாஸ்டிக் பெட்டி. ஸ்டெல்லன் லிண்டெரோத் முப்பத்தோரு வருடம் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே அது துரு இல்லை என்று முடிவுசெய்து, அதே கடையில் அதே பச்சை நிறத்தில் இன்னொரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கி மாட்டினான். அந்த வீட்டில் அப்படிப் போன ஒன்பதாவது பொருள் அது என்பதை அவன் மனைவி பெரிட் நினைவில் வைத்திருந்தாள். கேட்டின் கீல், சைக்கிள் இரண்டு, உருளைக்கிழங்குக் கத்தி, தோட்டத்து நாற்காலிகள் என்று தொடங்கி, அதற்கு முந்தைய குளிர்காலத்தில் வரவேற்பறையின் கைத்தறித் திரை வரை வந்திருந்தது. கராஜில் நின்ற 1972ஆம் வருடத்து சாப் 95 காரில் மட்டும் கடுகளவு துருவும் கிடையாது. அந்தக் காலத்துக் கார் எந்த நிறுவனத்துடையதானாலும் அரித்துப்போகாமல் இவ்வளவு தூரம் வராது என்று அவனே எல்லோரிடமும் சொல்வான். இந்த இரண்டு விஷயங்களும் அவன் தலைக்குள் வெவ்வேறு அறைகளில் குடியிருந்தன.

காரை அவன் 1998இல் பூல்ஸ்டாடில் இறந்துபோன ஒரு விவசாயியின் களஞ்சியத்திலிருந்து எடுத்துவந்தான். அதே ஊரில் அதே மாதம் ஒரு வோல்வோ அமேசான் காரும் விலைக்கு இருந்தது. அது வேண்டாம் என்றதற்கு அவன் சொன்ன காரணம், அதை எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது. சாப் 96ஐயும் ஆட்கள் பார்ப்பார்கள். பந்தயத்தில் ஜெயித்த வண்டி. அதையே பின்பக்கம் பெட்டி வைத்து நீட்டிய 95ஐ யாரும் பார்ப்பதில்லை. யாரும் பார்க்காத காரை வைத்திருப்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: பெட்ரோல் நிலையத்தில் அதைப் பார்க்காமல் கடந்து போகிற ஒவ்வொருவனும் ரசனை இல்லாதவன் ஆகிவிடுகிறான். இந்த மாதிரி ஒரு நாளில் நாற்பது ஐம்பது பேரைத் தோற்கடித்துவிட்டு வீட்டுக்கு வரலாம். இந்த இன்பத்துக்காகவே எங்கள் பக்கத்தில் ஸ்டெல்லன் உட்பட இருபத்து மூன்று ஆண்கள் சேர்ந்து மேற்கு வேனெர்ன் பழங்கார் மன்றம் என்று ஒன்றை நடத்திவந்தார்கள். 2011 டிசம்பரில் சாப் கார்கள் செய்த ட்ரோல்ஹெட்டன் தொழிற்சாலை திவாலானபோது அவர்கள் மன்ற வீட்டு ஜன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றி ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். அந்த இருபத்து மூன்று பேரில் ஒருவன்கூட அதற்கு முந்தைய இருபது வருடத்தில் அங்கிருந்து புதுக் கார் வாங்கியதில்லை. மௌனம் முடிந்ததும் எல்லோரும் ஜப்பான் கார்களில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

கார் நல்ல கார்தான். கியர் கம்பி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டால் எஞ்சின் தனியாகக் கழன்றுகொண்டு முணுமுணுக்க, வண்டி தன் போக்கில் உருளும். கடைசி இருக்கை பின்னோக்கிப் போட்டிருக்கும். அதில் உட்கார்ந்தால் கடந்துபோன சாலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். முதல் சில கோடைகளில் பெரிட்டும் அதில் உட்கார்ந்து போயிருக்கிறாள். தோட்டத்துச் சாமான்கள் துருப்பிடிக்கத் தொடங்கிய பிறகு போவதை நிறுத்திக்கொண்டாள்.

2013 இலையுதிர்காலத்தில் துரு அவள் கைக்கு வந்தது. அவள் ஊர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். பாடகர் குழுவும் அவள் பொறுப்பு. முதலில் வலது கை சுண்டுவிரல் காலையில் மடங்காமல் இருந்தது. பிறகு தலையணை உறையில் செம்பழுப்புக் கறை. சுகாதார நிலையத்தின் மருத்துவர் மூட்டுகளைத் தொட்டுப் பார்த்தார், தன் விரலில் ஒட்டிய பொடியைப் பார்த்தார், இரத்தத்தில் இரும்புச் சத்து சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். அடுத்த வருடம் மோதிர விரல். 2015 கோடையில் கல்யாணத்துக்கு வாசிக்கும்போது மூன்று விரல்கள் கதவுக் கீல் மாதிரி சத்தம் போட்டன. முன்வரிசையில் இருந்தவர்களுக்கே கேட்டது. எங்கள் ஊரில் இதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருடம் நவம்பர் தொடக்கத்தில் ஸ்டெல்லன் கார்ல்ஸ்டாடில் நடந்த உதிரிபாகச் சந்தைக்கு சாப்பை எடுத்துக்கொண்டு போனான். திரும்பும்போது பனி முந்திக்கொண்டது. பனி உருகுவதற்காக ஈ45 நெடுஞ்சாலையில், இரும்பை அரிக்கிற உப்பைத் தூவிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கழுவியும், மறுநாள் காலை பின்சக்கர வளைவில் பருப்பளவுக்கு ஒரு துருக் கொப்பளம் இருந்தது. அதே காலையில் பெரிட் சுண்டுவிரலால் காபிக் கோப்பையின் காதைத் தூக்கிக் காட்டினாள்.

"பாரு. மடங்குது."

"நல்லதுதானே," என்றான் ஸ்டெல்லன்.

"வண்டிக்கு ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகலையே."

அன்று பிற்பகல் அவன் கராஜுக்குப் போய்க் கொப்பளத்தை உப்புத்தாளால் தேய்த்து, ப்ரைமர் பூசி, வண்ணம் அடித்தான். வியாழக்கிழமை சுண்டுவிரல் மறுபடி விறைத்தது. புதிய வண்ணம் வண்டியின் பழைய நிறத்தோடு பொருந்தவில்லை என்பதால்தான் பெரிட் அதைக் கண்டுபிடித்தாள். அவள் அப்போது எதுவும் சொல்லவில்லை. அவன் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டான்.

2016 கிறிஸ்துமசுக்குள் வலது கை முழுவதும் பாதி மூடிய முஷ்டியாக நின்றுவிட்டது. திருச்சபை அவளுக்குப் பதிலாக வேனெர்ஸ்போரியிலிருந்து ஒருவரை வரவழைத்தது. ஈஸ்டருக்குள் கை சரியாகாவிட்டால் அவரையே நிரந்தரமாக நியமிக்க வேண்டியிருக்கும் என்று மிகுந்த மரியாதையோடு கடிதம் எழுதியது. பெரிட் கணவனிடம் கெஞ்சவில்லை. இங்கே யாரும் யாரையும் கெஞ்சுவதில்லை, மனு கொடுப்பார்கள். மன்றத்தில் அவள் குடும்ப உறுப்பினர்; அவளுக்கு வாக்கு இல்லை, ஆனால் ஆண்டுக் கூட்டத்துக்குத் தீர்மானம் அனுப்ப உரிமை உண்டு. இடது கையால் எழுதி, ஜனவரி முடிவதற்குள் அனுப்பினாள். அசல் நிலையில் உள்ள வண்டிகளை உப்புச் சாலையில் ஓட்டக் கூடாது என்ற ஒன்பதாம் விதியிலிருந்து மேற்படி சாப் 95க்கு ஒரு குளிர்காலம் விலக்கு வேண்டும். காரணம்: விண்ணப்பதாரரின் வலது கை.

ஆண்டுக் கூட்டம் 2017 பிப்ரவரி 18, சனிக்கிழமை நடந்தது. இறாலும் மயோனைசும் அடுக்கிய ரொட்டி கேக்கும் காபியும் கொடுத்தார்கள். நிகழ்ச்சி நிரலில் பெரிட்டின் தீர்மானம் பதினான்காவது. அதற்கு முன்னால் புதிய காபி இயந்திரம் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள். மன்றத் தலைவன் ரூனே, கூட்டுறவுக் கடையின் முன்னாள் மேலாளர், நிர்வாகக் குழுவின் கருத்தைப் படித்தான். குழுவுக்குப் பெரிட்டின் கை மீது முழு அனுதாபம் உண்டு. ஆனால் முன்னுதாரணம் ஆகிவிடும் என்பதால் நிராகரிக்கப் பரிந்துரைக்கிறது.

"என்ன முன்னுதாரணம், ரூனே?" பெரிட் கடைசி வரிசையிலிருந்து கேட்டாள்.

"நாளைக்கு இன்னொரு பொண்டாட்டி முதுகுன்னு வருவா. அப்புறம் முழங்கால். எங்க நிறுத்துறது, சொல்லு."

"வந்தா என்ன? முதுகுதானே பெருசு."

"அது சரி. ஆனா அப்புறம் இங்க கார் மிஞ்சாதே," என்றான் ரூனே வருத்தமாக. பலர் தலையாட்டினார்கள்.

தீர்மானத்துக்கு ஆதரவாகப் பதினோரு கைகள் உயர்ந்தன. சிலர் இரக்கத்தால் தூக்கினார்கள். சிலர், அந்த வட்டாரத்திலேயே துருவில்லாத 95 இல்லாமல் போவதில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லாததால் தூக்கினார்கள். எதிர்த்தும் பதினொன்று.

"ஸ்டெல்லன், உன் கை எங்க?" என்றாள் பெரிட்.

ஸ்டெல்லன் எழுந்து நின்றான். "நான் இதுல ஓட்டுப் போட முடியாது. எனக்குச் சொந்த நலன் சம்பந்தப்பட்டிருக்கு. கார் என்னோடது, கை என் பொண்டாட்டியோடது. ரெண்டு பக்கமும் நான்தான். ஒதுங்கிக்கிறதுதான் நியாயம்."

"முப்பத்தேழு வருஷமா குடும்பம் நடத்தியிருக்கோம்."

"அதனாலதான் சொல்றேன்."

கூட்டத்தில் ஒரு மெச்சும் முணுமுணுப்பு எழுந்தது. எங்களிடம் இதற்குப் பெயர் நேர்மை. வாக்கு சமமாக இருந்தால் தலைவனின் வாக்கு இரண்டாக எண்ணப்படும். ரூனே சுத்தியலைத் தட்டினான், தீர்மானம் தோற்றது, விஷயம் கோப்பில் சேர்க்கப்பட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்டெல்லன், எல்லாம் முறைப்படி நடந்ததில் தனக்கு நிம்மதி என்றான்.

திங்கட்கிழமை காலை அவன் நூலகத்துக்குப் போனபோது பெரிட் கராஜைத் திறந்தாள். காரின் மேலிருந்த பருத்தித் துணியை இழுத்துப் போட்டாள். பத்தொன்பது வசந்தங்களாக அவன் பேட்டரி மாட்டுவதைப் பார்த்திருந்ததால் இடது கையாலேயே மாட்டினாள். மூடிய வலது முஷ்டி கியர் கம்பியில் கொக்கி போல் சரியாகப் பொருந்தியது. ஈ45இல் வடக்கே திரும்பினாள். உப்பு சக்கரத்தில் அடித்துத் தெறித்தது. ஷெப்மன்னபுரூ தாண்டும்போது முன்மூடியில் முதல் கொப்பளம் கிளம்பியது. ஓமோல் போய்ச் சேர்ந்தபோது ஆள்காட்டி விரல் திறந்திருந்தது. அங்கே ஒரு கடையில் காபியும் ஒரு துண்டு கேக்கும் வாங்கி, வலது கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாள். அவள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: கார் ஓட்டுவது அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. இறக்கங்களில் காலை எடுத்துவிட்டு, வண்டியை அதன் போக்கில் உருளவிட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் பிடித்திருந்தது.

ஸ்டெல்லன் தண்ணீர்க் குழாயோடு வாசலில் நின்றான்.

"உப்பு போட்டிருக்காங்க, பெரிட்."

"தெரியும்."

"கழுவிடட்டுமா? கீழ்ப்பக்கம் மட்டும்."

"கழுவினா இந்தத் துரு எங்க வரும்னு உனக்குத் தெரியும்."

அவன் குழாயை மூடினான். சாவியை ஒளித்துவைத்திருக்கலாம், குறைந்தபட்சம் அது ஒரு முடிவாக இருந்திருக்கும். அவன் ரூனேவுக்கு ஃபோன் செய்தான். விதி மீறல் பற்றி நிர்வாகக் குழு மார்ச் 14 அன்று கூடிப் பரிசீலிக்கும் என்று ரூனே சொன்னான். ஸ்டெல்லன் மார்ச் 14க்குக் காத்திருந்தான்.

பெரிட் காத்திருக்கவில்லை. ஞாயிறு நீங்கலாக ஒவ்வொரு நாளும் வடக்கே ஓமோலுக்கோ தெற்கே வேனெர்ஸ்போரிக்கோ போய்வந்தாள். நாற்பத்தைந்து வருடத் துரு மூன்று வாரத்தில் வந்து சேர்ந்தது. கதவுகளின் அடிப்பாகம் போனது, பின்னோக்கிய இருக்கை தரையோடு ஓநிம்ஸ்கூக் அருகே கழன்று விழுந்தது, கடைசி வாரம் அவள் பாதங்களுக்கு இடையில் சாலை தெரிந்தது. மார்ச் 11 அன்று தேவாலயத்தின் முன்னால் கார் மெல்ல உட்கார்ந்தது. அவள் கதவைத் திறந்தபோது கதவு கையோடு வந்தது. அதை இரண்டு கைகளாலும் தூக்கிச் சுவரில் சாய்த்துவைத்தாள். பழைய இரும்புக்காரர்கள் எடைபோட்டபோது அறுநூற்றுப் பத்து கிலோ இருந்தது. மீதி முன்னூற்றுச் சொச்சம் கிலோ ஈ45இல் கிடந்தது. வசந்தத்தில் மணலோடு சேர்த்துப் பெருக்கி எடுத்தார்கள். ஸ்டெல்லன் அன்று காலியான கராஜில் நின்று அழுதான். அவன் அழுது பெரிட் பார்த்தது அதுதான் முதல்முறை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 14 அன்று நிர்வாகக் குழு கூடி, வண்டி இப்போது இல்லாததால் விதி மீறலும் இல்லை என்று முடிவெடுத்தது. ஏப்ரல் 16, ஈஸ்டர் ஆராதனையில் பெரிட் ஆர்கன் வாசித்தாள். ரொம்ப நன்றாக வாசித்தாள் என்று சொல்ல முடியாது. விரல்களுக்குப் பழக்கம் விட்டிருந்தது. ஜூனில் மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு ஒன்றுக்குத் தனியாகக் குடிபோனாள். அங்கே எதுவும் துருப்பிடிக்கவில்லை. ஆகஸ்டில் ஸ்டெல்லன் இன்னொரு சாப் 95 வாங்கினான், 1969ஆம் வருடத்தது, மங்கிய பச்சை. முந்தையதைவிடவும் யாரும் பார்க்காத நிறம் என்றான்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் மன்றம் தன் உறுப்பினர் படிவத்தைத் திருத்தியது. வண்டியின் மாதிரி, வருடம், பதிவு எண் ஆகியவற்றுக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது: வண்டியின் துரு யாருக்குப் போகிறது. விவாதம் எதுவும் நடக்கவில்லை. பத்தொன்பது பேர் மனைவியின் பெயரை எழுதினார்கள். மணமாகாத மூவர் கூடப்பிறந்தவள் பெயரை எழுதினார்கள். ஸ்டெல்லன், வேறு ஆள் இல்லாததால், தன் பெயரை எழுதினான். அவனுக்கு இப்போது இடது முழங்கால் மடங்குவதில்லை. கார் நல்ல நிலையில் இருக்கிறது.