நிற்கக் கற்றுக்கொடுத்தவர்கள்

ரஸ் கிம்பல் என்பவர் என் கணவனுக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தார். வெண்டெலுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒன்பதாம் மாதத்திலேயே எழுந்து நடந்த பிள்ளை என்று என் மாமியார் சொல்வார். கிம்பலுக்கு அது போதவில்லை.

லூசியானாவில் கல்லூரி அணிக்கு அமெரிக்கக் கால்பந்து ஆடிய நான்கு வருடமும் வெண்டெல் டிஃபென்சிவ் எண்ட். தடுப்பு வரிசையின் கோடியில், ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருப்பான். பந்து அசைந்ததும் எழுந்து பாய்ந்து, எதிரணியின் குவார்ட்டர்பேக் அதை எறிவதற்குள் அவனைக் கீழே சாய்ப்பான். வேலை அவ்வளவுதான். அதை அவனைப்போல் செய்தவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த ஆட்டங்களின் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வடக்கே ஒரு தொழில்முறை அணி அவனை எடுத்தது.

எடுத்த பிறகு அளந்து பார்த்தார்கள். அவர்கள் அணியில் முன்வரிசைக்கு மூன்றே பேர், ஒவ்வொருவனும் முந்நூறு பவுண்டு. வெண்டெல் இருநூற்று எழுபது.

"வரிசைக்கு நீ சின்னவன். வெளிய நிக்கறதுக்குப் பெரியவன். ரெண்டுங்கெட்டான்," என்றார் அவர்களின் பயிற்சியாளர் கிம்பல், முதல் நாளே, எல்லோர் முன்னாலும். "கவலைப்படாதே. உன்னை நான் அவுட்சைட் லைன்பேக்கர் ஆக்கறேன்."

அதாவது, இருபத்தைந்து பவுண்டு குறைக்க வேண்டும். கையூன்றாமல் நிற்க வேண்டும். பாதி நேரம் குவார்ட்டர்பேக்கை விட்டுவிட்டு, பின்னால் ஓடி, பந்தைப் பிடிக்க வருகிறவனைக் காக்க வேண்டும். தையல்காரனைக் கூட்டிவந்து முடிவெட்டச் சொல்வதுபோல் இருந்தது எனக்கு. அந்த அலுவலகத்தில் படித்தவர்கள் நிறைய இருந்தார்கள். யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

ஜூலையில் பயிற்சி முகாம். மனைவிமார் இரும்புப் படிகளில் உட்கார்ந்து பார்க்கலாம். நான் தினமும் போனேன். கிம்பல் வெண்டெலைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"பின்னாடி போடா, ப்ரூஸார்ட்! அவனைத் துரத்த யாரு சொன்னா?"

"பழக்கம், கோச்."

"உன் பழக்கத்துக்கா சம்பளம் குடுக்கறோம்?"

அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் சம்பளம் பேசினார்கள். வெண்டெல் தலையாட்டிவிட்டு மறுபடி பின்னால் ஓடினான். அவன் அறைத்தோழன் லாமாண்ட் டில் ஓரத்திலிருந்து கத்தினான்: "மாப்ள, நீ பின்னாடி ஓடறதப் பாத்தா இருட்டுல கக்கூஸ் தேடற மாதிரியே இருக்கு."

வெண்டெல்தான் பெரிதாகச் சிரித்தான். ஆனால் நான் தங்கியிருந்த விடுதிக்கு வந்ததும் என்னிடம் சொன்னான்: "கையை ஊன்றினா எனக்குப் பந்து மட்டும்தான் தெரியும், ஒடெட். நின்னா எல்லாம் தெரியுது. எல்லாம் தெரிஞ்சா என்ன பண்றதுன்னு தெரியல."

இதைவிடத் தெளிவாக யாரும் அந்த விஷயத்தைச் சொல்லிவிட முடியாது. கிம்பல் கேட்டிருந்தால் அவரிடமும் சொல்லியிருப்பான். கிம்பல் கேட்கிற ஆளில்லை.

ஆகஸ்டில் ஓர் ஒத்திகை ஆட்டம். வெண்டெல் பின்னால் ஓட வேண்டிய முறை. எதிரே இருந்த எதிரணித் தடுப்பாளன் எடையைக் குதிகாலுக்கு மாற்றியதைப் பார்த்தான்; பந்தை எறியப் போகிறார்கள் என்று புரிந்தது. கை தானாகத் தரைக்குப் போய்விட்டது. எழுந்து பாய்ந்தான். குவார்ட்டர்பேக் கீழே, பந்து எங்கோ உருண்டது. லாமாண்ட் அதை எடுத்துக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். அரங்கமே எழுந்து நின்றது.

ஓரத்தில் கிம்பல் வெண்டெலின் தலைக்கவச முகக்கம்பியைப் பிடித்து இழுத்தார்.

"பின்னாடி நீ காக்க வேண்டிய ஆள் எங்க போனான்?"

"தெரியல, கோச். பந்து நம்மகிட்ட இருக்கு."

திங்கட்கிழமை படம் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் கூட்டல் அல்லது கழித்தல் போடுவது அங்கே வழக்கம். அந்தப் பாய்ச்சலுக்கு வெண்டெலுக்குக் கழித்தல்.

"கோச், பந்தையே புடுங்கிட்டானே?" என்றான் லாமாண்ட்.

"அதை இவன்கிட்ட யாரு கேட்டா?"

பிறகு கிம்பல் தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். வெண்டெலிடம் இன்னும் கனம் இருக்கிறதாம். கனத்தால்தான் கை தரைக்குப் போகிறதாம். இதைச் சொல்ல அவருக்குச் சம்பளம் உண்டு, கழுத்தில் விசிலும் உண்டு. "வெள்ளிக்கிழமை எடை மேடையில இருநூத்தி நாப்பத்தஞ்சு காட்டணும். இல்லேன்னா ஆட்டப் புத்தகத்த எடுத்துக்கிட்டு மாடிக்கு வா."

ஆட்ட முறைகள் எழுதிய அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மாடிக்குப் போனவன் நேரே வீட்டுக்குத்தான் போவான். அது முகாமில் எல்லோருக்கும் தெரியும்.

எட்டுப் பவுண்டு பாக்கி. வெண்டெல் ரப்பர் உடையின்மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஓடினான். சூயிங்கம் மென்று எச்சிலைக் காகிதக் கோப்பையில் துப்பினான். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான்.

"ஒரு வாயாவது குடி," என்றேன்.

"வெள்ளிக்கிழமை குடிக்கறேன். ஒரு வாளி."

"மாடிக்குப் போயிட்டு வாயேன், வெண்டெல். ஊருக்குப் போகலாம். கையூன்றி ஆடற அணி எங்கயும் இல்லையா?"

"இருக்கு. ஆனா இங்கேர்ந்து துரத்தினவன்னு பேர் வந்துட்டா எவன் எடுப்பான்?"

வியாழக்கிழமை மதியப் பயிற்சியில், பின்னால் ஓடும்போது விழுந்தான். கால் தடுக்கியது என்று கிம்பல் நினைத்தார். "எந்திரி. நில்லு," என்றார். பக்கத்தில் வந்து குனிந்து மறுபடியும் "நில்லுடா" என்றார். அப்புறம்தான் வைத்தியரைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பனிக்கட்டியைக் கொட்டியும் உடம்புச் சூடு இறங்கவில்லை. விடியும் முன் போய்விட்டான். அவன் குறைக்க இன்னும் நாலு பவுண்டுதான் பாக்கி இருந்தது என்று லாமாண்ட் பிறகு சொன்னான்.

அடக்கத்துக்குக் கிம்பல் எங்கள் ஊருக்கு வந்தார். அணியின் பெயர் போட்ட மலர் வளையம். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வாரம் அவனுக்குப் பிடிபட ஆரம்பிச்சுடுச்சும்மா. ரொம்ப நல்லா வந்திருப்பான்."

"சாப்பிட்டுட்டுப் போங்க," என்றேன்.

சர்ச் பின்கட்டில் சிவப்பு பீன்ஸும் சோறும் பரிமாறினார்கள். அவர் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். மேலே கொஞ்சம் காரக் குழம்பு ஊற்றச் சொன்னதாக என் மாமியார் சொன்னார்.

அடுத்த ஏப்ரலில் ஆட்டக்காரர்களை எடுக்கும் நாளைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அதே அணி. மிசிசிப்பியிலிருந்து ஒரு பையன். நாலு வருடமும் கையூன்றி ஆடியவன். கிம்பல் திரையில் வந்து, "எங்ககிட்ட இவன் நின்னு ஆடுவான்," என்று சிரித்தார். அவருக்குச் சம்பளம் கூட்டியிருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பையனின் ஊர் சின்ன ஊர். தொலைபேசி எண் கிடைப்பது கஷ்டமாக இல்லை. அவன் அம்மா எர்னஸ்டீன் எடுத்தார். பின்னால் ஒரே கூச்சல், பாட்டு.

"யாரு கண்ணு நீ?"

சொன்னேன். அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அந்தப் பிள்ளைக்காக நாங்க சர்ச்சுல ஜெபம் பண்ணினோம்."

"உங்க மகன்கிட்ட சொல்லுங்கம்மா. எடைக்காகத் தண்ணி குடிக்காம இருக்க வேண்டாம். புத்தகத்த எடுத்துக்கிட்டு மாடிக்கு வான்னு சொன்னா, போகச் சொல்லுங்க. வீட்டுக்கு வரட்டும்."



"உன் வீட்டுக்காரன் எவ்வளவு குறைக்கணும்னாங்க?"

"இருபத்தஞ்சு பவுண்டு."

அவர் மூச்சு விட்டார். "இவனுக்குப் பதினெட்டுதான் சொல்லியிருக்காங்க, கண்ணு. பதினெட்டுதான்."

"அவன்கிட்ட ஃபோனைக் குடுங்கம்மா. நானே சொல்றேன்."

"வீட்டுல இல்லையே," என்றார். "ஓடப் போயிருக்கான். கோச் இன்னைக்கே ஆரம்பிக்கச் சொன்னாராம்."