உறுமாத ஜெனரேட்டர்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் கிடைத்தது. என் தங்கையின் வீட்டுக்காரர் அரசு மருத்துவமனையில் ஜெனரேட்டர் ஓட்டுகிறவர். அரசுக் கட்டடம் அத்தனையும் சூரிய மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்று சட்டம் வந்த நாளிலிருந்து அவரிடம் வாய் கொடுக்க முடியவில்லை. எனக்கும் சட்டத்தில் நம்பிக்கை கிடையாது. சட்டம் கவிழ்ந்த கதையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதல் வரி: 'சட்டமன்றத்தில் மேசைகள் அதிர்ந்தன…' (அடித்துவிட்டேன். நான் என்ன மேசைக்கு அடியிலா ஒளிந்திருந்தேன்?)

அடுத்தது: 'கதிரவன் தன் பொற்கரங்களால் மருத்துவமனைக் கூரையை…' (பொற்கரமாம்! உச்சி வெயிலில் அந்தக் கூரையில் கால் வைத்துப் பார்த்தால் தெரியும்.)

ஆகையால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

2

அந்த மருத்துவமனையில் ஒரு பழக்கம் உண்டு. கரண்ட் போனால் யாரும் கத்த மாட்டார்கள். கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். பின்பக்கக் கொட்டகையில் ஜெனரேட்டர் உறுமும். "உறுமிடுச்சு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். உறுமினால் உயிர். உறுமாவிட்டால்…

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. ஒரே ஒரு தடவை அது உறுமவில்லை. அதை எழுதாதே என்று சொல்லிவிட்டார்.)

சட்டப்படி கூரையில் தகடுகள் ஏறின. கீழறையில் பேட்டரிகள் வரிசை கட்டின. ஜெனரேட்டரிலிருந்து கட்டடத்துக்குப் போன கேபிளைக் கழற்றிப் போட்டார்கள். இஞ்சினியர் வந்து சொன்னார்:

"இனிமே உங்களுக்கு ஓய்வுதான் ஐயா."

"வெயில் அடிச்சா சரி தம்பி. மழை பேஞ்சா? அதுக்கும் சட்டத்துல தடை போட்டிருக்காங்களா?"

"அதுக்குத்தாங்க பேட்டரி."

"பேட்டரி என் டார்ச்சுலயும்தான் இருக்கு. தட்டினாத்தான் எரியுது."

அன்று மாலையே ஒரு கேன் டீசலைச் சாக்குக்கு அடியில் ஒளித்துவைத்தார்.

3

அவருடைய மகளுக்கு ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும் என்றார்கள். அதே மருத்துவமனை. நடுப்பகலிலேயே வானம் கரிச்சட்டியைக் கவிழ்த்தது போல் இருண்டு, மழை கொட்டியது. அவர் நடைபாதையில் அங்குமிங்கும் அலைந்தார்.

"உங்க மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் படபடங்குது" என்றாள் என் தங்கை. "போய் அந்தக் கொட்டகையிலயே உக்காருங்க."

போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் தலைக்கு மேல் பல்பு அணைந்தது. காதைத் தீட்டிக்கொண்டார். எதுவும் உறுமவில்லை.

உறுமவேண்டியதே தன் கையில்தான் இருக்கிறது என்பது உறைக்கவே ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. சாக்கைத் தூக்கி எறிந்தார், டீசலை ஊற்றினார், கைப்பிடியைச் சுழற்றினார். உறுமியது! சுவர்கள் அதிர உறுமியது. கேபிள் இல்லை என்பது அவர் நினைவிலேயே இல்லை.

4

(இங்கே நான் போட்டிருந்த முடிவு வேறு: பேட்டரி செத்துப்போகிறது, ஜெனரேட்டர் காப்பாற்றுகிறது, இஞ்சினியர் தலைகுனிகிறார். வாசித்துக் காட்டினேன். மனுஷன் எழுந்தே விட்டார்.

"என் பொண்ணை இருட்டுல படுக்கவச்சுத்தான் உனக்குக் கதை வேணுமா மச்சான்? லைட்டு எரிஞ்சுச்சு. எரிஞ்சுச்சுன்னே எழுது!"

"சட்டத்தைத் திட்டினது நீங்கதானே மாப்பிள்ளை?"

"இப்பவும் திட்டுவேன். ஆனா எரிஞ்சுச்சு."

சரி. எரிந்தது.)

5

மேல் ஜன்னலைத் திறந்து நர்ஸம்மா கத்தினார்: "யாருய்யா அது? அந்தச் சனியனை நிறுத்துங்க! உள்ள ஆபரேஷன் நடக்குது, டாக்டர் பேசுறதே கேக்கல!"

அவர் மழையில் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். ஜன்னல் அத்தனையிலும் வெளிச்சம். இருட்டாக இருந்தது கொட்டகை ஒன்றுதான். எப்படியும் இடிக்கப்போவதுதானே என்று அதற்கு மட்டும் புது வயர் இழுக்காமல் விட்டிருந்தார்கள்.

உள்ளே போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். ஊரில் கரண்ட் இல்லாதபோது தன் கையால் அதை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. டீசல் கேன் மேலேயே உட்கார்ந்தார். அந்த அமைதியில் ஒரு குழந்தை அழுதது கேட்டதாம். சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உறுமிடுச்சு" என்றாராம்.

6

இதை நான் நம்பவில்லை. நடுவில் மழை, சுவர், சாத்திய கதவு. "வழக்கமா ஜெனரேட்டர் ஓடும், யாருக்கும் ஒண்ணும் கேக்காது. அன்னைக்கு நிறுத்திட்டேன், கேட்டுச்சு" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். அழுகை கேட்டதா, அவராகவே கேட்டுக்கொண்டாரா? முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

ஒரு தகவல் மட்டும் தருகிறேன். இதை எழுதும்போது பக்கத்து அறையில் அந்தப் பொடிசு அழுகிறது. கதவைச் சாத்திப் பார்த்தேன். நன்றாகவே கேட்கிறது.

ஆனால் இன்று மழை இல்லை.