மூடியைத் தூக்காத நாள்

"மருமகன், அத வைங்க," என்றார் நெய்னார்.

றஊப் பெட்டியின் இரண்டு பக்கமும் கை கொடுத்துத் தூக்கிவிட்டிருந்தான். இறந்துபோன மாமியின் மையித்தைக் கிடத்த முன்னறையில் இடம் வேண்டும். அலுமாரியும் கதிரைகளும் வெளியே போய்விட்டன. மூலையில் இருந்த இந்த வெள்ளை ஐஸ் பெட்டிதான் மிச்சம்.

"வெளிய முத்தத்துல வைக்கப் போறன் மாமா. பாரமா இரிக்கு, உள்ள என்ன?"

"கஞ்சி. அசைக்க வாணாம். மூடியும் திறக்க வாணாம்."

றஊப் மனைவியைப் பார்த்தான். உம்மாவுக்காக அழுதழுது றிஸ்மினாவின் முகம் வீங்கியிருந்தது. "அங்கயே இரிக்கட்டும். வாப்பா சொல்றாரெல்லா," என்றாள். பெட்டி மூலைக்கே திரும்பியது. அதற்கு மூன்று முழம் தள்ளி நெய்னாரின் மனைவி அலீமாவைக் கிடத்தினார்கள்.

அன்று விடியற்காலை சுபஹு தொழுத கையோடு அலீமா மாட்டெலும்பு, கடலை, அரிசி எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டிருந்தாள். பிறகு கொதி அடங்குமுன் சட்டியை இறக்கி, பழைய சாரத் துணிகள் திணித்த ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினாள். இனி விறகு வேண்டாம், கேஸ் வேண்டாம், அது பாட்டில் வேகும். கட்டாரில் அவள் வேலை செய்த வீட்டில் கரண்டில் மெல்ல வேகும் சட்டி ஒன்று இருந்ததாம். கேஸுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடம், கரண்டும் இல்லாமல் அதைச் செய்து காட்டினாள். கொஞ்சச் சாமானில் சத்தான சாப்பாடு. நுரைச்சோலைப் பெண்கள் பலர் வந்து பார்த்துப் பழகிப் போனார்கள்.

நெய்னாருக்கு மட்டும் அது ஏறவில்லை. முப்பது வருடமாக ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிச் சீவிக்கிற மனிதர். "குளிர வச்சிரிக்கிற பெட்டி எப்பிடிப் புள்ள சூட்ட வச்சிரிக்கும்?" என்று நாலு பேர் முன்னால் சிரிப்பார். அந்தச் சாப்பாட்டைத் தொடமாட்டார். அவருக்காக அவள் தனியாக அடுப்பு மூட்டினாள்.

அதோடு விட்டாரா? ஒருநாள் விருந்தாளிகள் வர இருந்தார்கள். அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து மூடியைத் தூக்கினார். ஆவி முகத்தில் அடித்துவிட்டுப் போனது. நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு தரம் தூக்கினார். பகல் சாப்பாட்டுக்குத் திறந்தபோது கடலை கல்லாகக் கிடந்தது. "நான் சொல்லல்லயா!" என்றார். அலீமா அந்தக் கடலையைத் தன் கோப்பையில் போட்டு மென்றாள். மூடியைத் தூக்கியது யார் என்று அவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

இன்று காலையில் மூடியை அழுத்திவிட்டு, ஒரு சுளகு முருங்கையிலையை அதன் மேல் வைத்தாள். "எலும்பு போட்டிரிக்கு, பின்னேரம் அஸர் வரைக்கும் கிடக்கட்டும். திறந்த உடன இந்த இலையப் போடணும். இன்டைக்காவது மூடியத் தூக்காம இரிங்க," என்று சிரித்தாள். நெஞ்சை அடைக்கிறது என்று போய்ப் படுத்தாள். ஏழு மணிக்கு றிஸ்மினா தேத்தண்ணீர் கொண்டுபோனபோது மூச்சு இல்லை.

இன்டைக்காவது. பகல் லுஹர் பாங்கு சொல்லும்போதுதான் அந்தச் சொல் அவருக்கு உறைத்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கடலையை மென்ற நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. அவருக்குக் காது இரண்டும் சுட்டது.

எத்தாளையிலிருந்து வந்த ஒரு பெரியவர் தாகத்தோடு சுளகைத் தள்ளி மூடியில் கை வைத்தார். நெய்னார் பாய்ந்து பிடித்தார்.

"குளிர் தண்ணி இல்லியா இதுல?"

"இல்ல. உள்ள சூடு இரிக்கு."

"ஐஸ் பெட்டிக்குள்ளயா?" பெரியவர் இரக்கத்தோடு பார்த்தார். பாவம், மனுசனுக்குத் தலை குழம்பிவிட்டது என்ற பார்வை. நேற்றுவரை அந்தக் கேள்வி நெய்னாருடையது.

கபன் துணியை மூடுமுன் அலீமாவின் நெற்றியில் கை வைத்தார். காலமெல்லாம் ஐஸ் அள்ளிய கைக்கு அந்தக் குளிர் தாங்க முடியவில்லை. அடக்கம் செய்ய ஜனாஸா புறப்பட்டபோது மகளிடம் குனிந்து, "நீங்க இதுக்குப் பக்கத்துல இரிங்க மகள்," என்று மட்டும் சொன்னார்.

அஸர் தொழுது, அடக்கிவிட்டு வந்தபோது அயலவர்கள் சோறு கொண்டுவந்திருந்தார்கள். மையித்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. நெய்னார் கையைக் காலைக் கழுவிவிட்டு நேரே மூலைக்குப் போய்க் குந்தினார். சுளகை இறக்கினார். மூடியைத் தூக்கி, சட்டியையும் திறந்தார்.

குப்பென்று ஆவி எழும்பியது.

"ஸுப்ஹானல்லாஹ்," என்றார். அவள் போனதிலிருந்து வீட்டில் தீ இல்லை. அவளைக் குளிப்பாட்டியபோதும், சந்தூக்கில் வைத்துத் தோளில் தூக்கியபோதும், மண் போட்டபோதும் இது இங்கே வெந்துகொண்டிருந்திருக்கிறது.

முருங்கையிலையை உருவிப் போட்டுக் கிளறி மூடினார். கொஞ்சம் பொறுத்துத் திறந்தார். வாடிக் கிடந்த இலை கரும்பச்சையாகி வெந்திருந்தது. எலும்பிலிருந்து இறைச்சி தானாகக் கழன்றது. ஒரு கடலையை எடுத்து நசுக்கினார். மாவாய்ப் போனது. வாயில் போட்டார்.

"வெந்திரிக்கா வாப்பா?"

"ஓம் மகள். நல்லா வெந்திரிக்கு." சட்டியை இன்னொரு தரம் கிளறினார். "அண்டைக்கு வேகாமப் போனது உங்கட உம்மாட பிழையில்ல. நான்தான் மூடியத் தூக்கினன்."

றிஸ்மினா கோப்பையை நீட்டினாள்.

வந்தவர்கள் எல்லாருக்கும் அவரே அகப்பையால் ஊற்றினார். எத்தாளைப் பெரியவர் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார். சட்டி காலியானதும் றிஸ்மினா அதைக் கழுவ எடுத்துப் போனாள்.

நெய்னார் பெட்டிக்குள் கையை விட்டார். சாரங்களுக்கு நடுவில் சட்டி இருந்த பள்ளம் அப்படியே இருந்தது. இளஞ்சூடு இன்னும் போகவில்லை. கையை வெளியே எடுத்து, மூடியைப் போட்டு, நாலு மூலையையும் அழுத்திவிட்டார்.