பெட்டிக்குள் அறுநூறு காசு

மாப்பிள்ளைக்குத் தொழில், சினிமாவுக்குச் சாமான் செய்வது. வாள், மண்டை ஓடு, தொட்டால் உடையும் சிலை. மச்சானுக்கு, அதாவது மனைவியின் அண்ணனுக்கு, டைல்ஸ் கடை. பதினோரு வருஷமாக அவருக்கு ஒரே சந்தேகம்: இதெல்லாம் ஒரு வேலையா? மாப்பிள்ளை வேலை செய்த புதுப் படம் வெளியானதும் பந்தயமே கட்டிவிட்டார்.

"இந்தப் படத்துல உங்க கைவேலை தெரிஞ்சா இனி வாயைத் திறக்க மாட்டேன். தெரியலேன்னா திங்கட்கிழமை எட்டரைக்குக் கடைக்கு வந்துடணும், மாப்பிள்ளை."

மாப்பிள்ளை தயங்காமல் ஒப்புக்கொண்டார். படமே புதையல் தேடும் படம். அந்தப் புதையல் அவர் நாலு மாதம் உட்கார்ந்து செய்தது. அறுநூறு காசு, காசுக்குக் காசு அதில் பொறித்த ராஜாவுக்கு வயசு ஏறும். அதைக் காட்டாமல் எங்கே போவார்கள்?

குடும்பத்தோடு போனார்கள். கதாநாயகன் வரைபடத்தைப் பார்த்தான். தொலைத்தான். தொலைந்தால் என்ன, நெஞ்சில் இருக்கிறது என்று பாடினான். மூன்று பாலங்கள் அறுந்தன, ஒருவரும் விழவில்லை. வில்லன் செத்துக்கொண்டே தன் சிறுவயசுக் கஷ்டங்களை விளக்கினான். நிறைய கஷ்டம்.

கடைசியில் குகை, பெட்டி. மாப்பிள்ளை சீட்டின் நுனிக்கு வந்தார். மூடி திறந்தது. கதாநாயகனின் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் அடித்தது. "எங்கம்மா பாசத்தைவிட இது பெரிசில்ல" என்று மூடியைச் சாத்தினான். படம் முடிந்தது.

"அந்த வெளிச்சம் நீங்க போட்டதா?" என்றாள் மனைவி, கடைசி நம்பிக்கையாக.

"அது லைட்மேன்."

வாசலுக்கு வந்ததும் இயக்குநருக்குப் போன் போட்டார்.

"உள்ளே இருக்கிறதை ரசிகனோட கற்பனைக்கு விட்டுட்டேன். அதுதான் சினிமாவோட மொழி."

"அப்போ காலிப் பெட்டியே போதுமே சார்?"

"சேச்சே! ஹீரோ நிஜமாப் பார்த்தாத்தானே முகத்துல உணர்ச்சி வரும்?"

வந்த உணர்ச்சி, செருப்பைத் தேடுகிறவனுடையது.

மச்சான் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே முன்னால் நடந்தார். ஜெயித்த சுகம் பின்கழுத்து வரை தெரிந்தது. ஆனால் கார் கதவைத் திறந்தவர் ஏறாமல் நின்றார்.

"சரி, பெட்டிக்குள்ள அப்படி என்னதான் இருந்துச்சு?"

மாப்பிள்ளை சொன்னார். முதல் காசில் ராஜாவுக்குப் பால் பல். கடைசிக் காசில் பல்லே இல்லை.

"மீசை எப்போ வருது?"

"நூத்தி நாப்பதாவது காசுல, மச்சான். அரும்பு மீசை. பூதக்கண்ணாடி வெச்சுச் செதுக்கினேன்."

மச்சான் கார் கதவைச் சாத்தினார்.

"திங்கட்கிழமை அந்தக் காசையெல்லாம் கையோட எடுத்துட்டு வாங்க. கல்லா மேசைக் கண்ணாடிக்கு அடியில வைப்போம். டைல்ஸ் பார்க்க வர்றவங்க பார்க்கட்டும்."