சின்னவளுக்கான சாவி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குத்தான் சிவக்கும் என்று துசாந்தினி சொல்லுவாள். அந்த வெள்ளிக்கிழமை காலை பதியுதீன் காக்காவின் கடை வாசலில் நின்றபோது அது நன்றாகவே சிவந்திருக்க வேண்டும்.

"ஊட்டுக்காரரச் சந்திக்க வெக்கிறன், ஆனா ஒனக்காகக் கதைக்கமாட்டன். குறை நினைக்காத புள்ள றுஸ்தா," என்றார் அவர். கல்முனையில் வீடு வளவு விற்கவோ வாடகைக்கு விடவோ ஆட்கள் முதலில் தேடிப்போகும் தரகர் அவர்தான். காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். "நீ ஊடுகள நல்லாப் பாத்துக்கிட்டா இரிக்கிற ஆக்கள் வருசக்கணக்கா இரிப்பாங்க. புது ஆள் வந்தாத்தானே எனக்குப் புழைப்பு?"

"அப்ப பைப் உடஞ்சு, மோட்டர் எரிஞ்சு, ஆக்கள் ஆறு மாசத்துல ஓடினாத்தான் ஒங்களுக்குச் சந்தோசம். அப்பிடித்தானே காக்கா?"

வெற்றிலையை மென்றபடி சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்தால் நன்றாக ஏசிவிட்டு வந்திருப்பேன்.

நானும் துசாந்தினியும் நடத்துவது வீடு பராமரிக்கும் சேவை. கட்டார், லண்டன் என்று போனவர்களின் வீடுகளுக்கு நல்ல ஆட்களாகப் பார்த்து வைப்போம். ஒப்பந்தம் எழுதுவோம், வாடகை வாங்கி அனுப்புவோம், ஒழுகினால் அடைப்போம். கதையும் கடதாசியும் என் வேலை. வயரும் பைப்பும் அவள் வேலை. காரைதீவுப் பிள்ளை, தொழில்நுட்பக் கல்லூரியில் வயரிங் படித்தவள். ஒன்றரை வருடம் அலைந்து எங்கள் கைக்கு வந்தவை மூன்று வீடுகள். அதில் ஒன்று என் மாமியுடையது.

இந்த நிலையில்தான் கொழும்பில் ஒரு கட்டடக் கம்பனி துசாந்தினியை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். "ஒரு பெரிய கட்டடம் வந்தா நான் நிப்பன் அக்கா," என்றாள். "மூண்டு வீட்ட நம்பி அம்மாக்கு என்னத்தச் சொல்லுற?" அவள் சொன்னதில் பிழையில்லை. அவள் போய்விட்டால் என்னிடம் மிஞ்சுவது ஐந்நூறு நோட்டீசும் ஒரு பெயர்ப்பலகையும்தான். அதை நினைத்து இரண்டு நாள் குளியலறையில் அழுதேன். அவளுக்குச் சொல்லவில்லை.

அதனால்தான் பதியுதீன் காக்காவின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, இஹ்ஸான் என்பவரைச் சந்திக்க ஏற்பாடு செய்திருந்தேன். சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் அவர் நாலு மாடி கட்டியிருந்தார். மாடிக்கு ஒரு வீடு. கட்டி முடிந்து இரண்டு வருடமாக நாலும் பூட்டிக் கிடந்தன. எந்தத் தரகர் போய்க் கேட்டாலும் "யோசிச்சுச் சொல்றன்" என்பாராம். டோஹாவிலிருந்து லீவில் வந்தவர் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறார்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து, பகல் சாப்பாட்டு நேரமும் கழிந்து, மூன்று மணிக்குப் போனோம். புதுக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய பழைய வீடு. உள்ளே நுழையும்போதே துசாந்தினி காதைச் சாய்த்தாள். "தண்ணி மோட்டர் சத்தம் சரியில்ல," என்று சொல்லிக்கொண்டு யாரையும் கேளாமல் வீட்டின் பின்பக்கம் போய்விட்டாள். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டுதான் நான் மரியாதையாகத் தொழில் நடத்துகிறேன்.

ஹோலில் இஹ்ஸானும் பதியுதீன் காக்காவும் இருந்தார்கள். நான் வர்ணத்தில் அச்சடித்த தாள்களை விரித்தேன். இணையத்தில் ஒரு சந்தைப்படுத்தல் வகுப்பு படித்திருந்தேன். முதலீட்டாளரிடம் வருமானத்தைக் கதை, வேறொன்றும் கதைக்காதே என்று அதில் சொல்லித் தந்தார்கள். நானும் கதைத்தேன். பூட்டிக் கிடக்கும் மாடி மாதாமாதம் எவ்வளவை இழக்கிறது, நாங்கள் பார்த்தால் என்ன வரும், ஐந்து வருடத்தில் என்ன ஆகும் என்று படம் போட்டுக் காட்டினேன். மனிதர் நன்றாகத் தலையாட்டினார். ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் ஒருமுறை குசினிப் பக்கத்துத் திரையைப் பார்த்தார். தேத்தண்ணிக்காகப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

கடைசியில், "எல்லாம் நல்லாத்தான் இரிக்கி. யோசிச்சுச் சொல்றன்," என்றார்.

பதியுதீன் காக்கா கூரையைப் பார்த்தார். நான் தாள்களை அடுக்கினேன். திங்கட்கிழமை எனக்கு வந்துவிட்டது.

எவ்வளவு கோபமென்றாலும், ஒரு வீட்டுக்குப் போன பொம்பிளை ஹோலோடு திரும்பி வருவது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. உள்ளே போய்ப் பெண்களிடம் சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும். திரையை விலக்கிக்கொண்டு போனேன். குசினிக்குப் பின்னால் துசாந்தினி மோட்டர் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குந்தியிருந்தாள். பக்கத்தில் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றவர் இஹ்ஸானின் மனைவி சுல்பிகா.

"போய்ட்டு வாறன் ராத்தா," என்றேன், அக்கா முறை வைத்து.

அவர் டோர்ச்சை அணைத்தார். "நீங்க கதைச்சது முழுக்கக் கேட்டன். ஆக்கள ஏத்துறதப் பத்தித்தான் கதைக்கிறீங்க. எறக்குவீங்களா?"

"விளங்கல்ல ராத்தா."

"மூத்தவளுக்கு வாற வருசம் கலியாணம். எனக்கு நாலும் பொம்புளப் புள்ளைகள். மாடிக்கு ஒரு ஆள். ஊட்டு உறுதிப் பத்திரம் நாலும் என்ர பேர்ல இரிக்கி. வாடகைக்கு வாற ஆக்கள் கலியாண நேரத்துல எழும்பமாட்டம் எண்டா நான் எங்க போற?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இந்த மண்ணில் பெண்பிள்ளை பிறந்தால் தாய் தகப்பன் வீட்டைப் பற்றித்தான் முதலில் யோசிப்பார்கள். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு இல்லையென்றால் கலியாணமும் இல்லை. நிலம் போதாத ஊர் என்பதால் ஒவ்வொருத்திக்கும் ஒரு மாடியாக மேலே மேலே கட்டுகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரிந்துகொண்டே, ஹோலில் இருந்த ஆம்பிளைக்கு வருமானப் படம் காட்டிக்கொண்டிருந்தேன். பிறத்தியார் சொல்லித் தந்த பாடத்தை நம்பினேனே, எனக்கு நன்றாக வேண்டும்.

பிறகு எந்த நோட்டீசிலும் போடாததை அவரிடம் சொன்னேன்.

"என்ர ஊடும் உம்மா எழுதித் தந்ததுதான் ராத்தா. நிந்தவூர்ல. நான் படிக்கிற காலத்துல வாடகைக்குக் குடுத்தாங்க. கலியாணம் பேசின நேரம் அந்த ஆக்கள் எழும்பல்ல. பதினொரு மாசம் தள்ளிப் போச்சு. மாப்புள்ள பகுதி ஒரு கதை, ஊர் ஒரு கதை. கடைசியா ராத்தாட ஊட்டுப் பின்னறையிலதான் எனக்கு நிக்காஹ் நடந்த. மறுகா ஊடு கையில வந்த நேரம் ஒரு கதவும் ஒழுங்கா இல்ல. உம்மா அத இன்னும் மறக்கல்ல."

எட்டு வருடமாக வெட்கப்பட்டு மூடி வைத்திருந்த கதை. துசாந்தினிகூட இப்போதுதான் கேட்கிறாள். கையிலிருந்த ஸ்பேனரை நிலத்தில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையல்லவா நீங்க முதல்ல கதைச்சிரிக்கணும்," என்றார் சுல்பிகா.

அங்கேயே குசினி மேசையில் என் தாளொன்றின் பின்பக்கத்தில் எழுதினோம். யாருக்கும் ஒரு வருடத்துக்கு மேல் இல்லை. எழும்பும் திகதி முதலே எழுத்தில் இருக்கும். கலியாணத்துக்கு ஆறு மாதம் முன்னால் வீடு வெறுமையாகி, வெள்ளையடித்துக் கைக்கு வரும். சுவரில் ஆணி அடிக்க விடமாட்டோம். எழும்ப மறுத்தால் வழக்குப் போட்டுக் கோடு ஏறுவது நான்தான். மூத்தவளின் வீட்டுக்கு இப்போது யாரும் வேண்டாம், பராமரித்தால் போதும்.

"இஞ்சாருங்க," என்று ஹோல் பக்கம் குரல் கொடுத்தார் சுல்பிகா. இஹ்ஸான் வந்த வேகத்தைப் பார்த்தால், இரண்டு வருடமாக இந்தக் குரலுக்குத்தான் அவரும் யோசித்துக்கொண்டிருந்தார் போலிருந்தது. பின்னாலேயே வந்த பதியுதீன் காக்கா தாளை வாங்கிப் படித்தார்.

"வருசத்துக்கு ஒருக்கா புது ஆளா?" என்றார். "புள்ள, இத நீ காலையிலேயே செல்லியிரிந்தா நானே ஒனக்காகக் கதைச்சிரிப்பேனே. என்ர மச்சிட ஊடும் ரெண்டு பூட்டித்தான் கிடக்கு."

"காலையில எனக்கே தெரியா காக்கா," என்றேன்.

சுல்பிகா அலுமாரியிலிருந்து சாவிகளை எடுத்து வந்தார். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி ஒரு மகளின் பெயர் எழுதியிருந்தது. மூன்றை என் கையில் தந்தார். நாலாவதைத் தரவில்லை.

"இது சின்னவள்ற. அவளுக்கு ஏழு வயசு. பதினஞ்சு வருசமாவது போகும். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இரிப்பீங்களா?"

என் பங்குக்கு நான் சொல்லலாம். மற்றவள் பங்குக்கு எப்படிச் சொல்ல? துசாந்தினியைப் பார்த்தேன். அவள் மோட்டரின் மூடியை வைத்து, நாலு திருகாணியையும் ஒவ்வொன்றாக இறுக்கினாள். பிறகு சுவிட்சைப் போட்டுச் சத்தத்தைக் கேட்டாள்.

"அதுக்குள்ள மோட்டர ரெண்டு தரமாவது மாத்த வேண்டி வரும்," என்றாள். "ஒப்பந்தத்தில அதையும் எழுதிக்கொள்ளுங்க றுஸ்தாக்கா."

சுல்பிகா அந்தச் சாவியை அவளுடைய கிறீஸ் பட்ட கையிலேயே வைத்தார்.